ஜெபக்கனிக்கு நான் எழுதின மனு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு வேண்டாம். காத்தடிச்சா என் காயிதமெல்லாம் பறந்துரும். இந்தப் பை மட்டும் நடுவுல இருக்கட்டும், நசுங்கிரக் கூடாது. உள்ள மனு இருக்கு. கலெக்டர் ஆபீசுக்குத்தான் போறேன். இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா, மனு வாங்குற நாளு. பத்து மணிக்குள்ள போனாத்தான் வரிசையில முன்னால நிக்க முடியும்.

எனக்கு இல்ல தம்பி. எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் மத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கிறவன். எங்க ஊர் தாலுகா ஆபீஸ் வாசல்ல போயி ஆவுடையப்பன்னு கேட்டுப் பாருங்க, டீக்கடைக்காரன்ல இருந்து தாசில்தார் டிரைவர் வரைக்கும் கை காட்டுவான். வாகை மரத்தடியில ஒரு மேசை, ஒரு ஸ்டூல், மழைக்கு ஒரு தார்ப்பாய். இருவத்தாறு வருசம். நான் எழுதின மனு திரும்பி வந்ததா சரித்திரம் கிடையாது. பெருமைக்குச் சொல்லல, இருக்கிறதச் சொல்லுதேன்.

மனு எழுதுறதுன்னா என்னன்னு நினைக்கீங்க? வந்தவன் சொல்றத அப்படியே எழுதுறதுன்னா அதுக்கு நான் எதுக்கு? அவனே எழுதிரலாமே. யாருகிட்ட போகுதோ அவங்களுக்குத் தக்கன எழுதணும். அதுதான் தொழில்.

எங்க ஊர்ல ரோட்டுக்கு இந்தப் பக்கம் தாலுகா ஆபீஸ். உதவித்தொகை எல்லாம் அங்கதான். விதவை, முதியோர், கால் கை முடியாதவங்க, கைவிடப்பட்டவங்க, எல்லாரும் அந்த வாசல்லதான் நிப்பாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலைவாய்ப்பு ஆபீஸ். பதியிறதுக்கும் புதுப்பிக்கிறதுக்கும் வர்ற கூட்டம் அங்க. நடுவுல என் மேசை. உதவி கேட்டு எழுதுனா, மனுதாரர் ஒண்ணுக்கும் முடியாதவர், ஒரு துரும்பத் தூக்க மாட்டார். வேலை கேட்டு எழுதுனா அதே ஆளு திடகாத்திரமானவர், இரவு பகல் பாராது உழைக்கக்கூடியவர். சிரிக்காதீங்க, நெசமாச் சொல்லுதேன். சுப்பையான்னு ஒருத்தன், காலையில நெஞ்சுவலின்னு இந்தப் பக்கம் எழுதி வாங்கினான், மத்தியானம் வாட்ச்மேன் வேலைக்கு அந்தப் பக்கம் எழுதி வாங்கினான். ரெண்டும் கிடைச்சிது. இந்தக் காயிதம் அந்த ஆபீசுக்குப் போகாது, அந்தக் காயிதம் இந்த ஆபீசுக்கு வராது. யாருக்கு என்ன நட்டம்?

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. போன சித்திரையில ஒரு உத்தரவு வந்துச்சு. ரெண்டு ஆபீசையும் ஒண்ணாச் சேக்கப் போறாங்கன்னு. எங்க தாலுகாவுல மட்டும் முதல்ல செஞ்சு பாக்கிறாங்களாம். பழைய கருவூலக் கட்டடத்துக்கு வெள்ளையடிச்சு, உள்ள தடுப்ப இடிச்சு, உதவி வேலை மையம்னு போர்டு மாட்டிட்டாங்க. ஒரே கவுண்டரு, ஒரே பைலு, ஒரே கம்ப்யூட்டரு. அதுக்குத் தமயந்தின்னு ஒரு மேடம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மரியாதையாத்தான் பேசுவாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வந்த முதல் நாளே என் மேசைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாங்க. அண்ணாச்சி, இனிமே உதவி வாங்குறவங்க வேலையும் கேக்கலாம், கேட்டதுக்காக உதவிய நிறுத்த மாட்டோம், வேலை கிடைச்சாலும் ஒரு வருசம் உதவி தொடரும், அதனால யாரையும் பயமுறுத்தாதீங்கன்னு.

நான் யாரைப் பயமுறுத்தினேன்? அது கிடக்கட்டும். நான் எத்தனை உத்தரவு பாத்திருக்கேன். வரும்போது ஒண்ணு சொல்லும், ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு சொல்லும். சர்க்கார்ல போயி நான் கொஞ்சம் முடிஞ்சவன், கொஞ்சம் முடியாதவன்னு சொன்னா என்ன ஆகும்? முடிஞ்சவன்னு இந்தக் கை தள்ளும், முடியாதவன்னு அந்தக் கை தள்ளும். இது என் அனுபவம்.

இந்தச் சமயத்துலதான் ஜெபக்கனி வந்தா.

அவளப் பத்திச் சொல்லணும். முப்பத்தொரு வயசு. சின்ன வயசுல காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப் போச்சு. கம்பை ஊணி நடப்பா. ரொம்ப நேரம் நிக்க முடியாது, படி ஏற முடியாது. அப்பா இல்ல. அம்மா கொத்து வேலைக்குச் சித்தாளாப் போனவ, இப்ப இடுப்பு போயி வீட்டுல கிடக்கா. புள்ள பன்னெண்டாவது பாஸு. டைப்ரைட்டிங் முடிச்சிருக்கா. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், என் கையெழுத்தவிட நல்லா இருக்கும்.

அப்புறம் ஏன் அவளே எழுதிக்கலைன்னு கேக்கீங்களா? நல்ல கேள்வி. எட்டு வருசத்துக்கு முன்னால அவதான் உதவித்தொகைக்கு எழுதுனா. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னா உள்ளத உள்ளபடி எழுதியிருந்தா. வீட்டுல இருந்து தையல் வேலை கொஞ்சம் பாக்கேன், அது பத்தலன்னு எழுதியிருந்தா. எவன் குடுப்பான்? மூணாவது நான் எழுதுனேன். முற்றிலும் செயலிழந்த நிலையில் பிறர் உதவியின்றி எழக்கூட இயலாதவள்னு. ஒரே மாசத்துல வந்துச்சு. அன்னைக்கு அவ அம்மா என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அதுல இருந்து அந்த வீட்டுல ஒரு ரேசன் கார்டு திருத்தம்னாலும் என்கிட்டதான். அண்ணாச்சி கைராசின்னு சொல்லுவாங்க. அந்த மாசா மாசம் வர்றதுலதான் ரெண்டு பேரும் கஞ்சி குடிக்காங்க, அதயும் சொல்லிருதேன்.

ஆவணி மாசம் கம்பை ஊணிக்கிட்டு வந்து என் ஸ்டூல்ல உக்காந்தா. முகமெல்லாம் சிரிப்பு. மேடம் கூப்பிட்டுப் பேசுனாங்களாம். ஒரு ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுற இடத்துல ஆள் கேட்டிருக்காங்க, உக்காந்தே பாக்குற வேலை, கம்ப்யூட்டர்ல பேரு ஊரு பதியணும், தரைத்தளம், படி கிடையாது. நீ மனு குடும்மான்னு சொல்லியிருக்காங்க. அவ அதுக்குள்ள சம்பளம் வாங்கின மாதிரி பேசுதா. அம்மாவுக்கு இடுப்புக்கு வைத்தியம் பாக்கணும், எனக்கு ஒரு ஸ்கூட்டி, பின்னால ரெண்டு சக்கரம் வச்சது, இப்படி.

பாரத்தக் குடுத்தா. புதுப் பாரம், நாலு பக்கம். முதல் பாதி உதவிக்கு, கடைசிப் பாதி வேலைக்கு. நடுவுல ஒரு கட்டம். அஞ்சு வரி. எந்த வேலை முடியும், எது முடியாது, உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்னு போட்டிருக்கு. இந்த மாதிரி ஒரு கட்டத்த இருவத்தாறு வருசத்துல நான் பாத்தது இல்ல. சொந்த வார்த்தைன்னா என்ன? சர்க்காருக்குச் சொந்த வார்த்தையில எழுதுனா உருப்படுமா?

அவ சொன்னா, "அண்ணாச்சி, இந்த இடத்துல நான் சொல்றத எழுதுங்க. உக்காந்து எட்டு மணி நேரம் வேலை பாப்பேன். அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது. படி ஏற முடியாது. பஸ்ல ஏற ஒரு ஆள் கை குடுக்கணும். அவ்வளவுதான் அண்ணாச்சி."

நான் பேனாவ மூடி வச்சிட்டேன். இங்க பாரு ஜெபா, நீ இதச் சொன்னா ரெண்டும் போயிரும். எட்டு மணி நேரம் வேலை பாப்பேன்னு எழுதுனா உனக்கு எதுக்கு உதவின்னு கேப்பான். அரை மணி நேரம் நிக்க முடியாதுன்னு எழுதுனா உனக்கு எதுக்கு வேலைன்னு ஆஸ்பத்திரிக்காரன் கேப்பான். உன் மனு ரெண்டு தடவை ஏன் திரும்பி வந்துச்சுன்னு மறந்துட்டியான்னு கேட்டேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. மேடம் அப்படி இல்லன்னு சொன்னாங்களேன்னு இழுத்தா. மேடம் நாளைக்கு மாத்தலாகிப் போயிருவாங்க, காயிதம்தான் நிக்கும்னு சொன்னேன்.

அப்புறம் நான் எழுதுனேன். முதல் பாதியில மனுதாரர் இடது கால் முற்றிலும் செயலிழந்து, பிறர் துணையின்றி எழவோ அமரவோ இயலாதவர், எந்தப் பணியும் செய்யத் தகுதியற்றவர்னு. கடைசிப் பாதியில மனுதாரர் நல்ல உடல்தகுதி உடையவர், நின்றபடியே நாள் முழுதும் பணியாற்றக்கூடியவர், வெளியூர் பணிக்கும் சம்மதம்னு. ரெண்டும் அருமையா அமைஞ்சிது தம்பி. வாசிச்சா நீங்களே சொல்லுவீங்க. நடுவுல இருந்த அந்த அஞ்சு வரிக் கட்டத்துக்கு மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டேன். அது வழக்கம். எந்த மனுவுலயும் காலி இடம் விடக் கூடாது, பின்னால எவனாவது எதையாவது எழுதிச் சேத்துருவான். கோடு போட்டு அடைச்சிரணும்.

அவ நாலு பக்கத்தயும் வாசிச்சா. ரொம்ப நேரம் வாசிச்சா. அண்ணாச்சி, ரெண்டும் ஒரே பாரத்துல இருக்கேன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆபீஸ்ல எவன் நாலு பக்கத்தயும் வாசிக்கான்? உதவி பாக்கிற ஆளு முதல் பாதியக் கிழிச்சு எடுத்துக்கிடுவான், வேலை பாக்கிற ஆளு கடைசிப் பாதிய எடுத்துக்கிடுவான். அப்படித்தான் நடக்கும்னு நினைச்சேன். கையெழுத்தப் போடுன்னேன். போட்டா.

டிக்கெட் எடுத்தாச்சு கண்டக்டரே, முன்னால ஏறும்போதே எடுத்தாச்சு.

எங்க விட்டேன்? ஆங். பதினைஞ்சு நாள் கழிச்சு அவளக் கூப்பிட்டு விட்டாங்க. கூட்டம் மையத்துக்குப் போனதுல இருந்து மரத்தடிய விட்டு மேசைய மாத்திட்டேன், மையத்து ஜன்னலுக்கு நேர் கீழதான் இப்ப என் மேசை. உள்ள பேசுறது அத்தனையும் கேக்கும். அவ என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டு உள்ள போனா. வேலை உத்தரவுதான்னு நானும் நினைச்சேன். லட்டு வாங்கி வச்சிருப்பாளோன்னுகூட நினைச்சேன்.

மேடம் சத்தம் போடல. அதச் சொல்லணும். மெதுவா ரெண்டு பக்கத்தயும் அவளுக்கு வாசிச்சுக் காட்டுனாங்க. முதல்ல எழவோ அமரவோ இயலாதவர். அப்புறம் நின்றபடியே நாள் முழுதும். பக்கத்துல வரிசையில நின்ன நாலஞ்சு பேரு சிரிச்சிட்டாங்க. நான் எழுதுனத எவனும் சத்தமா வாசிச்சு நான் கேட்டதில்ல தம்பி. எனக்கு உடம்பு கூசிச்சு. மேடம் கேட்டாங்க, "இதுல எதும்மா உண்மை?"

நடுவுல இந்த அஞ்சு வரிய உங்களுக்காகத்தான் போட்டோம், அதுல ஏன் கோடு போட்டு வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. இத யாரு எழுதுனான்னு கேட்டாங்க.

அப்பத்தான் அவ ஜன்னல் பக்கம் திரும்புனா. நான் கீழ குனிஞ்சிட்டேன். பேனா மூடி விழுந்துருச்சு, அத எடுக்கத்தான் குனிஞ்சேன். மூடி ஸ்டூலுக்கு அடியில உருண்டு போச்சு, தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. குனிஞ்சிருக்கும்போதே அவ குரல் கேட்டுச்சு.

"நான் சொன்னதத்தான் எழுதுனாங்க மேடம்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. காட்டிக் குடுக்காதன்னு நான் சொல்லல, அவளாத்தான் அப்படிச் சொன்னா. ஆனா அந்த ஒரு வார்த்தையில அவ மாட்டிக்கிட்டா. தெரிஞ்சே பொய்த் தகவல் குடுத்ததா ஆயிருச்சு. விசாரணை முடியுற வரைக்கும் உதவிய நிறுத்தி வச்சிட்டாங்க. மூணு மாசமாச்சு. ஆஸ்பத்திரி வேலைக்கு அந்த வாரமே ஆள் அனுப்பணும்னு வேற ஒரு பையன அனுப்பிட்டாங்க. மேடத்துக்கும் வருத்தம்தான். கம்ப்யூட்டர்ல ஏத்துனது, நான் நினைச்சா அழிக்க முடியாதும்மான்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

அவ வெளிய வரும்போது டீ சொல்லட்டுமான்னு கேட்டேன். நிக்கல. கம்பு சத்தம் ரோடு தாண்டுற வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு மனசு ஒடிஞ்சு போச்சு தம்பி. எட்டு வருசம் அந்த வீட்டுக்குச் செஞ்சவன். ஒரு டீ குடிச்சிட்டுப் போகக் கூடாதா?

இதுல யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க. ரெண்டு ஆபீசும் ரெண்டா இருந்தா இது நடந்திருக்குமா? ஒண்ணாக் கொண்டு வந்து போட்டது யாரு? இப்ப என்னடான்னா வாசல்ல ஒரு தட்டி வச்சிருக்காங்க, மனு எழுத வெளியாட்கள் தேவையில்லை, ஊழியர்களே உதவுவார்கள்னு. யாருக்குச் சொல்லுதாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் ஒண்ணும் கேக்கல. என்கிட்ட வர்றவங்க வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க, முன்ன அளவுக்கு இல்ல.

சரி, நாமதான் செஞ்சு குடுக்கணும்னு நானே உக்காந்து இன்னொரு மனு எழுதுனேன். கலெக்டருக்கு. போன சனிக்கிழமை அவ வீட்டுக்கே போனேன். அம்மாக்காரி படுத்த வாக்குல வாங்கன்னா, அவ்வளவுதான் சொன்னா, முகத்தத் திருப்பிக்கிட்டா. ஜெபக்கனி மெஷின்ல ஏதோ பழைய துணி தச்சிக்கிட்டு இருந்தா. வலது கால மட்டும் வச்சு மிதிக்கா. எந்திரிச்சு மனுவக் கையில வாங்கி நின்னுக்கிட்டே வாசிச்சா, அப்புறம் நிக்க முடியாம உக்காந்து வாசிச்சா.

அவ கோபப்பட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். தன்மையாத்தான் பேசுனா. அண்ணாச்சி, அடுத்த மாசம் அதே ஆஸ்பத்திரியில இன்னொரு ஆள் கேக்கப் போறாங்களாம், மேடம் சொன்னாங்க, வர்ற வெள்ளிக்கிழமை விசாரணை, அதுக்குள்ள இது எப்படி நடந்துச்சுன்னு யாராவது வந்து சொன்னா பழைய பாரத்த எடுத்துட்டுப் புதுப் பாரம் வாங்கிக்கிடுவாங்களாம். "நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க அண்ணாச்சி. அவ சொன்னது வேற, நான் எழுதினது வேறன்னு. அது போதும் எனக்கு."

எப்படிச் சொல்லுவேன் தம்பி? நான் உக்காந்திருக்கிறது அவங்க சுவரோரம். இன்னைக்கு ஒரு மனு தப்பா எழுதுனேன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு இருவத்தாறு வருச மனுவயும் தோண்டுவான். மேசையத் தூக்கித் தெருவுல போடுவான். எனக்கும் வீட்டுல ஆளு இருக்கு. பயமாத்தான் இருக்கு, மறைக்கல. ராத்திரி படுத்தா அவ ஜன்னல் பக்கம் திரும்புனதுதான் வருது. நான் அவகிட்ட, அதெல்லாம் சரிப்படாது தாயி, கலெக்டருக்கு மேல ஒண்ணும் கிடையாது, இந்த மனு எல்லாத்தயும் முடிச்சிரும்னு சொன்னேன். அவ காயிதத்த மடிச்சு என் கையில குடுத்துட்டு மெஷின்கிட்ட திரும்பிட்டா. இதுலயும் நான் இல்ல அண்ணாச்சின்னு மட்டும் சொன்னா.

கோபம், வேற என்ன. சின்னப் புள்ளதானே. நாளைக்கு உதவி திரும்பி வந்தா தானா சரியாயிரும். அதான் அவளுக்குத் தெரியாம நானே கொண்டு போறேன். பஸ் காசுகூட என்னோடது.

வாசிக்கேன், கேளுங்க. மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு. மனுதாரர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண். விவரம் அறியாத நிலையில், பாரத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறியாமலே ஒப்பமிட்டுவிட்டார். அவரது அறியாமையைப் பொறுத்தருளி, நிறுத்தப்பட்ட உதவித்தொகையை மீண்டும் வழங்குமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து வேண்டுகிறார். எப்படி இருக்கு? கல்லும் கரைஞ்சிரும்.

என்ன அப்படிப் பாக்கீங்க? பன்னெண்டாவது பாஸுன்னு சொன்னேனேன்னா? அது ஆஸ்பத்திரி வேலைக்குல்லா வேணும். இது உதவிக்கு. வேலைக்கு வேற மனு எழுதிக்கிடலாம், அத நான் பாத்துக்கிடுதேன்.

ஒரே ஒரு குறைதான். எழுதப் படிக்கத் தெரியாதவள்னு எழுதுன பிறகு கையெழுத்து இருக்கக் கூடாதுல்லா, ரேகைதான் இருக்கணும். அவதான் மனுவத் திருப்பிக் குடுத்துட்டாளே. அதனால காலையில என் பெருவிரலயே மையில தொட்டு வச்சிட்டேன். பெருவிரல்ல ஆம்பள என்ன, பொம்பள என்ன? ஆனா ரேகைக்குக் கீழ ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும், அது இல்லாம வாங்க மாட்டான். எங்க ஊர்ல கேட்டேன், ஒருத்தனும் போட மாட்டேன்னுட்டான்.

நீங்க படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க. இந்தாங்க பேனா. என் முன்னிலையில் ரேகை வைத்தார்னு நானே எழுதிட்டேன், கீழ பேர மட்டும் போட்டாப் போதும். நல்ல காரியம்தான் தம்பி, ஒரு கால் முடியாத புள்ளைக்கு. பஸ் ஆடுது, பாத்துப் போடுங்க.